அழிறப்பருக்குப் பொறுப்பானவர்

நூலகப் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறவனைவிடக் கறையான் நாகரிகமானது. கறையான் புத்தகத்தைத் தின்னுமே தவிர, அதைப் பற்றித் தன் அபிப்பிராயத்தைச் சொல்லாது. மனித குலத்தின் வீழ்ச்சி போரிலோ பஞ்சத்திலோ தொடங்கவில்லை, யாரோ ஒருவன் யாருக்கோ சொந்தமான பக்கத்தின் ஓரத்தில் "பக். 143 பார்" என்று எழுதிய அன்றுதான் தொடங்கியது.

இதை எமில்ராஜ் ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்கு, நிறுவகத்தின் கன்ரீனில், மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு அறிவித்தான். கேட்டுக்கொண்டிருந்தவர் கன்ரீன் ஜெரிசன் அண்ணை ஒருவர்தான்.

"ஆர் எழுதினது எண்டு பிடிச்சிட்டீரோ?"

"ஆராயிருந்தாலும் காட்டுமிராண்டி அண்ணை."

"சரி. பணிஸ் ஒண்டோ ரெண்டோ?"

"ஒண்டு."

ஜெரிசன் அண்ணை பன் தட்டை நீட்டியபடி தினமும் இப்படிக் கேட்பார். எமில்ராஜ் தினமும் ஒன்று என்பான். உலகத்துக்குச் சொல்ல வேண்டிய கருத்துகள் அவனிடம் நிறைய இருந்தன. உலகம் பக்கத்தில் இல்லாதபடியால் ஜெரிசன் அண்ணையிடம் சொல்லிவந்தான்.

உலகம் பக்கத்தில் இல்லாமல் போனதற்கு ஒரு சுற்றறிக்கை காரணம்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் இருந்தது வடபுல ஒப்பியல் கற்கைகள் நிறுவகம். வாசலில் "ஒப்பிடுவோம், ஒன்றுபடுவோம்" என்று எழுதியிருக்கும். கொரோனாக் காலத்தில் அங்கே நெரிசலைத் தவிர்ப்பதற்காக ஓர் ஒழுங்கு வந்தது. ஒற்றை எண்ணில் முடியும் பதிவிலக்கம் உடையோர் திங்கள், புதன், வெள்ளி வரவேண்டும். இரட்டை எண்காரர் செவ்வாய், வியாழன், சனி. கொரோனா போய்விட்டது. சுற்றறிக்கை போகவில்லை. அதைப் போகச் சொல்வதற்கு இன்னொரு சுற்றறிக்கை வேண்டும். அதைத் தயாரிக்கும் குழுவில் மூவர் ஒற்றை, மூவர் இரட்டை.

இறுதியாண்டில் இரண்டே மாணவர்கள். எமில்ராஜின் இலக்கம் 0247. மற்றவரின் இலக்கம் 0248. பெயர் தெரியாது, தனியுரிமை காரணமாக வரவுப் பதிவேட்டில் பெயரை நீக்கியிருந்தார்கள். நாலு வருடம் ஒரே வாங்கில் இருந்து படித்த இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

நிறுவகத்தின் தலைவர் பேராசிரியர் கிறிஸ்ரோபர் ஒவ்வொரு விரிவுரையையும் இரண்டு தடவை நிகழ்த்துவார். எண்பது கதிரை உள்ள மண்டபத்தில் எமில்ராஜ் நடுவில் இருப்பான். பேராசிரியர் மைக்கை இரண்டு தரம் தட்டிவிட்டு, "அன்பான மாணவர்களே" என்று தொடங்குவார். ஒருமுறை எமில்ராஜுக்குத் தும்மல் வந்தது. "பின்வரிசையிலை சத்தம் போடாதேங்கோ" என்றார். ஆண்டு முடிவில் வந்த அறிக்கை, இந்த வகுப்பின் வரவு எந்த நாளிலும் ஐம்பது வீதத்தைத் தாண்டியதில்லை என்று கவலை தெரிவித்து, இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

எமில்ராஜின் சொந்த இடம் குருநகர். அம்மாவும் அப்பாவும் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கென்று பிரான்சுக்கு மூன்று மாத விசாவில் போனவர்கள். பிள்ளைக்கு இப்போது பல் முளைத்து நடக்கிறது. வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு அவன் திருநெல்வேலியில் ஓர் அறையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வட்சப்பில் வருவார்கள். "சாப்பிட்டியோ?" என்பார் அம்மா. "ஓம்" என்பான். அதற்குள் பிள்ளை போனைப் பறித்துவிடும்.

ஓர எழுத்துக்கு வருவோம்.

நூலகத்தில் ஒரு நாவல் இருந்தது. ஒரே ஒரு பிரதி. வெளியே கொண்டுபோக முடியாது. அட்டை போனபோது தலைப்பும் எழுதியவர் பெயரும் கூடவே போய்விட்டன. பிறகு போட்ட வெற்று அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் "நாவல், பச்சை, 212 பக்கம்" என்று எழுதியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரே பகலில் நடக்கும் கதை. நடக்கும் என்று சொன்னேன், ஒன்றும் நடக்காது. நவீனத்துவ நாவலுக்கு நிறுவகம் அங்கீகரித்த வரைவிலக்கணமும் அதுவே. அதில் இருவர் வருகிறார்கள். ஒருவர் தாஹிர்: தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்டு, இருபது வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பிவந்து, அரியாலையில் வாடகை வீட்டிலிருந்தபடி தையல் மெசின் திருத்துகிறவர். மற்றவர் லூர்த்தம்மா: குருநகரில் தனியே இருந்து, இறால் வாடியில் வேலை செய்கிறவர். இருவரும் கடைசிவரை சந்திப்பதே இல்லை.

இந்தப் புத்தகத்தின் ஓரங்களில்தான் பொடி எழுத்தில் பென்சில் குறிப்புகள் கிடந்தன. எமில்ராஜ் முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதினான். "காட்டுமிராண்டித்தனம்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டான்.

நூலகர் றஜனி அக்கா அதை வாசித்துவிட்டு, மேசை லாச்சியைத் திறந்து ஒரு புது அழிறப்பரை எடுத்து நீட்டினார்.

"இதென்னக்கா?"

"முப்பத்தொராம் விதி தம்பி. முறைப்பாடு செய்தவர்தான் நிவாரணமும் செய்யவேணும். இண்டையிலிருந்து நீர்தான் அழிறப்பருக்குப் பொறுப்பு. வாசிச்சுச் சரிபாத்து அழியும். வாசிக்காமல் அழிச்சா அச்செழுத்தும் போயிடும்."

நியமனக் கடிதமும் தந்தார். "அழிறப்பருக்குப் பொறுப்பானவர் (பதில்)" என்று இருந்தது. தற்காலிகமான பதில் கடமை என்பதால் கொடுப்பனவு இல்லை.

எமில்ராஜ் அழிக்கத் தொடங்கினான். 27ஆம் பக்கம்: தாஹிர் பிளேன்ரீ ஊற்றுகிறார். ஓரத்தில், "இரண்டு கோப்பை. ஆள் ஒன்று. பக். 143 பார்." அழித்தான். 58ஆம் பக்கம்: தாஹிர் கதவைப் பூட்டும்போது வெற்று வீட்டைப் பார்த்து "போட்டு வாறன்" என்கிறார். ஓரத்தில், "யாருக்குச் சொல்கிறார்? பக். 171இல் லூர்த்தம்மாவும் சொல்கிறார்." அழித்தான். 74ஆம் பக்கத்தில், "நோன்பு நாளில் வாசிக்கிறேன். பசியோடு வாசித்தால் இந்தப் பக்கம் நன்றாக விளங்குகிறது." அதையும் அழித்து, தூளை ஊதிவிட்டான்.

புதன்கிழமை காலை அறையைப் பூட்டிக்கொண்டு "போட்டு வாறன்" என்று சொன்னபோதுதான் அவனுக்குத் திடுக்கிட்டது. அறைக்குள் ஒரு கட்டிலும் ஒரு வாளியும் மட்டும் இருந்தன. இரண்டுமே பதில் சொல்லவில்லை. எத்தனை நாளாக இப்படிச் சொல்லிவருகிறான் என்று அவனுக்கே தெரியாது.

அன்று நிறுவகத்துக்கு ஓடி, 143ஆம் பக்கத்தை எடுத்தான். லூர்த்தம்மா மத்தியானம் இரண்டு கோப்பையில் சோறு போடுகிறார். ஒன்றைச் சாப்பிடுகிறார். மற்றதைத் திரும்பச் சட்டிக்குள் கொட்டி, யாரும் காணமுதல் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிடுகிறார். அவன் அதே நாவலை இரண்டு தரம் வாசித்தவன், இதைக் கண்டதில்லை. பென்சில்காரர் கண்டிருந்தார். ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், ஒரே பகலில், ஒரே மாதிரித் தனியாக இருக்கிறார்கள். நாவல் அதைச் சொல்லவில்லை. அந்தக் குறிப்புகள் சொல்லின. அவற்றில் அரைவாசியை அவன் அழித்துவிட்டிருந்தான்.

143ஆம் பக்கத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. செவ்வாய்க்கிழமை எழுதியது.

"அழிக்கிறவருக்கு: நீங்கள் வாசித்துவிட்டு அழிக்கிறீர்களா, வாசிக்காமலே அழிக்கிறீர்களா?"

எமில்ராஜ் அழிறப்பரைக் கையில் எடுத்தான். அழிக்க மனம் வரவில்லை. பதில் எழுதவும் முடியாது. அப்படி எழுதினால் அவனும் காட்டுமிராண்டி. வாங்கின் இடுக்கில் பென்சில் சீவல் கொஞ்சம் கிடந்தது. அதைத் தட்டிவிடாமல் எழும்பினான்.

"அக்கா, செவ்வாய்க்கிழமையிலை உந்தப் புத்தகத்தை ஆர் எடுக்கிறது?"

"சொல்லக்கூடாது தம்பி."

"ஒரு சொல்லு."

றஜனி அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பிள்ளையும் உம்மை மாதிரித்தான். ஜெரிசனிட்டை ஒரு பணிஸ்தான் வாங்கும்."

எமில்ராஜ் உடனே படிவம் பதினாலை நிரப்பினான். இரட்டை நாளில் ஒரு மணித்தியாலம் வருவதற்கான அனுமதி. நோக்கம், 0248ஐச் சந்திப்பது. மறுவாரம் பதில் வந்தது: "குறித்த நபரை விண்ணப்பதாரி ஏற்கெனவே சந்தித்துள்ளாரா? இல்லையெனில், அறியாத நபரைச் சந்திக்க அனுமதிக்க ஏற்பாடில்லை. ஆமெனில், மீண்டும் சந்திப்பதற்கான அவசியம் புலப்படவில்லை."

சந்திக்க முடியாவிட்டால் சந்திக்காதவர்களைப் பற்றியாவது எழுதலாம் என்று நினைத்தான். இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புக் கொடுத்தான்: "பச்சை நாவலில் ஒருபோதும் சந்திக்காத இரு பாத்திரங்கள்: ஓர் ஒப்பீடு." நன்றியுரையில் 0248இன் பெயர் போட வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தான். பெயர்தான் தெரியாது.

தலைப்பு ஆய்வுக் குழுவுக்குப் போனது. குழுவில் ஆறு பேர். அவர்களும் ஒற்றை, இரட்டை என்று பிரிந்திருந்ததால் அன்று மூன்று பேர் இருந்தார்கள். பேராசிரியர் கிறிஸ்ரோபர் படிவம் ஒன்பதைத் தூக்கிப் பிடித்தார்.

"உதிலை நாலாவது கூண்டு: ஒப்பிடப்படும் இருவரும் சந்தித்த திகதி, இடம், சாட்சிகள். நீர் என்ன எழுதியிருக்கிறீர்?"

"சந்திக்கேல்லை எண்டு, சேர்."

"சந்திக்காத ஆக்களை எப்பிடி ஐசே ஒப்பிடுறது? ஒப்பியல் எண்டா என்ன? பக்கத்திலை பக்கத்திலை வைச்சுப் பாக்கிறது. நான் இருபத்திரண்டு வருசமாய் இந்தத் துறையிலை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறன். எனக்கு ஒப்பான ஒருத்தரை இண்டைவரைக்கும் காணேல்லை. ஏன்? நான் ஒருத்தரையும் போய்ச் சந்திக்கேல்லை. அதாலைதான் என்ரை ஆய்வு சுத்தமாய் இருக்கு. விளங்குதோ?"

எமில்ராஜுக்கு விளங்கவில்லை. மற்ற இருவரும் குறிப்பெடுத்தார்கள்.

"சேர், நாவலே அவை சந்திக்காததைப் பற்றித்தான்..."

"அப்ப சந்திக்கேல்லை எண்டதுக்கு அத்தாட்சி கொண்டாரும். தாஹிர் அரியாலையிலை இருக்கிறார் எண்டு நீரே எழுதியிருக்கிறீர். கிராம சேவையாளரிட்டை வதிவிடத்தை உறுதிப்படுத்தும்."

மறுநாள் எமில்ராஜ் சைக்கிளில் அரியாலைக்குப் போனான். கிராம சேவையாளர் வாக்காளர் இடாப்பைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பிடியொரு ஆள் இல்லையே தம்பி."

"கதையிலை வாற ஆள் ஐயா."

"கதையிலை வாறவருக்கு என்னத்துக்கு வதிவிட அத்தாட்சி?"

"நிறுவகம் கேக்குது."

அவர் அவனை ஒருமுறை பார்த்தார். வரிசையில் பின்னால் நின்ற பதினொரு பேரையும் பார்த்தார். பிறகு ஒரு கடிதத்தில், "மேற்படி நபரை எனக்குத் தெரியாது" என்று எழுதி முத்திரை குத்தினார்.

"உண்மையைத்தான் எழுதியிருக்கிறன். உம்மையும் எனக்குத் தெரியாதுதான். வேணுமெண்டால் அதுக்கும் ஒரு கடிதம் தாறன்."

வேண்டாம் என்று சொல்லி வந்த எமில்ராஜ், பாதி வழியில், வாங்கியிருக்கலாமோ என்று யோசித்தான். தன் பெயருக்கு வரும் கடிதங்கள் குறைவு.

முத்திரையைக் கண்டு குழு மகிழ்ந்தது. ஆனால் கடிதம் பிரச்சினையை வளர்த்துவிட்டது. ஒரு பாத்திரத்தை அரச உத்தியோகத்தருக்கே தெரியாது என்றால் அந்தப் பாத்திரம் ஒழுங்காக அறிமுகம் செய்யப்படவில்லை. குறை நாவலில் இருக்கிறது. குறையை நிவர்த்திக்க வேண்டியது நிறுவகத்தின் கடமை.

"இரண்டு பேரையும் சந்திக்க வைச்சிடுவம்" என்றார் பேராசிரியர் கிறிஸ்ரோபர். "ஒரு பக்கம் போதும். நானே எழுதுறன். எழுதினவர் ஆரெண்டு தெரியாத புத்தகம். ஆரும் கோவிக்க மாட்டினம்."

"சேர், ஆனால் அவை சந்திச்சா நாவல்..."

"எமில்ராஜ், உம்மடை நன்மைக்குத்தான் சொல்லுறன். தனிய இருக்கிற இரண்டு சீவன்களைச் சேத்து வைக்கிறதிலை உமக்கென்ன கஸ்ரம்? நாங்கள் மனிசரைச் சேத்து வைக்கிற நிறுவகம். வாசலிலை எழுதிக் கிடக்கு, வாசிக்கேல்லையோ?"

எழுதப்பட்ட பக்கம் தட்டச்சு செய்யப்பட்டு, நாவலின் அந்த ஒரே பிரதியில் 212ஆம் பக்கத்துக்குப் பின்னால் ஸ்ரேப்ளர் அடிக்கப்பட்டது. அதில் தாஹிரும் லூர்த்தம்மாவும் திருநெல்வேலியில் அமைந்துள்ள ஓர் உயர்கல்வி நிறுவகத்தின் ஆண்டு விழாவில் சந்திக்கிறார்கள். நிறுவகத்தின் தலைவர் மங்கள விளக்கை ஏற்றி வைக்கிறார். தாஹிர் முதலாவது திரியையும் லூர்த்தம்மா இரண்டாவது திரியையும் ஏற்றுகிறார்கள். தலைவர் ஐம்பது நிமிடம் உரையாற்றுகிறார். "அந்த உரையின்போது இருவர் கண்களும் கலங்கின" என்று முடிகிறது. தேநீர் வழங்கப்பட்டதாகவும் இருந்தது. எத்தனை கோப்பை என்று இல்லை.

அடியில் இரண்டு கூண்டு. இறுதியாண்டு மாணவர்கள் இருவரும் "வாசித்தேன், சந்திப்பு நிகழ்ந்ததை உறுதிப்படுத்துகிறேன்" என்று பேனையால் கையொப்பமிட வேண்டும். ஒற்றைக்கு ஒரு கூண்டு, இரட்டைக்கு ஒரு கூண்டு. கையொப்பம் வைத்தால் ஆய்வு ஏற்கப்படும், பட்டம் கிடைக்கும். வைக்காவிட்டால் இன்னொரு வருடம். இன்னொரு வருடம் என்றால் எண்பது கதிரை, ஒரு பணிஸ், கட்டிலோடும் வாளியோடும் கதைப்பது. கடைசித் திகதி அடுத்த திங்கள், பின்னேரம் நாலு மணி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வட்சப்பில் வந்தார்.

"பட்டம் எப்ப தம்பி? அக்கா ஸ்பொன்சர் கடிதம் போட ஆயத்தமாய் நிக்கிறாள்."

"ஒரு கையெழுத்துத்தான் கிடக்கு அம்மா."

"அப்ப வைச்சிட்டு வாவன் மோனை. அங்கை தனியக் கிடந்து என்ன செய்யிறாய்?"

"வாசிக்கிறன்" என்றான். பிள்ளை போனைப் பறித்துவிட்டது.

திங்கட்கிழமை காலை அவன் நீல நிறப் பேனை ஒன்றைச் சட்டைப்பையில் செருகினான். அறையைப் பூட்டினான். வாய் தானாகத் திறந்தது, மூடிக்கொண்டான். ஒழுங்கை முடக்குவரை போனவன் திரும்பி வந்து, பூட்டின கதவைப் பார்த்து, மெதுவாக, "போட்டு வாறன்" என்றுவிட்டுப் போனான்.

கன்ரீனில் ஜெரிசன் அண்ணை வழமைபோலக் கேட்டார்.

"பணிஸ் ஒண்டோ ரெண்டோ?"

"அண்ணை, செவ்வாய்க்கிழமையிலை வந்து ஒரு பணிஸ் வாங்கிற பிள்ளை, எங்கை இருந்து சாப்பிடுறது?"

ஜெரிசன் அண்ணை நாடியால் காட்டினார். "நீர் இருக்கிற உந்த வாங்கிலைதான். உந்தப் பக்கமாய்த்தான் பாத்துக்கொண்டிருக்கும். ரோட்டிலை போற பஸ்ஸை எண்ணும்போலை."

எமில்ராஜும் பஸ்ஸைத்தான் எண்ணுவான். ஒரு பணிஸே வாங்கினான். ஆனால் வாங்கின் நடுவில் இருக்காமல் ஒரு கரையில் தள்ளி இருந்து சாப்பிட்டான்.

நூலகத்தில் றஜனி அக்கா பச்சை நாவலை எடுத்துத் தந்தார். "நாலு மணிக்குள்ளை கையொப்பம். சேர் ரெண்டு தரம் ஆள் விட்டிட்டார்." பிறகு குரலைத் தாழ்த்தி, "மற்றக் கூண்டைப் பாரும்" என்றார்.

அவன் கடைசிப் பக்கத்தைத் திறந்தான். இரட்டை எண்ணுக்கான கூண்டில் கையொப்பம் இல்லை. பேனையே படவில்லை. கூண்டுக்கு வெளியே, ஓரத்தில், பொடி எழுத்தில், பென்சிலில் இருந்தது:

"முழுவதும் வாசித்தேன். அவர்கள் சந்திக்கவில்லை."

அந்தக் குறிப்பை அழிப்பது அவனுடைய கடமை. நியமனக் கடிதம் இன்னும் செல்லுபடியானது. அழித்து, தன் கூண்டில் கையொப்பமும் வைத்தால், மாலை பலாலி வீதியில் பஸ் எடுத்து, கொஞ்ச நாளில் பிளேனும் எடுக்கலாம். எமில்ராஜ் அழிறப்பரை வெளியே எடுத்தான். பார்த்தான். அது அரைவாசி தேய்ந்திருந்தது. அந்த அரைவாசிக்குள் ஒருவரின் இரண்டு கோப்பையும் ஒரு நோன்பு நாளும் போயிருந்தன.

"அக்கா" என்றான். "பென்சில் ஒண்டு இருக்குமே?"

றஜனி அக்கா லாச்சியைத் திறந்தார். சீவிய பென்சில் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு, முறைப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன் கதிரைக்குக் கீழே தள்ளினார். பிறகு யன்னல் பக்கம் திரும்பி ஏதோ மும்முரமாக அடுக்கத் தொடங்கினார்.

எமில்ராஜ் முதலில் அந்த வரிக்குக் கீழே, ஓரத்தில், "நானும் வாசித்தேன். சந்திக்கவில்லை" என்று எழுதினான். கூண்டு வெறுமையாகவே இருந்தது. பிறகு பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி 27க்குப் போனான். தாளைச் சரித்துப் பிடித்தபோது அழித்த எழுத்தின் பள்ளம் மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் பென்சிலை வைத்து, தன்னுடையதல்லாத பொடி எழுத்தில், "இரண்டு கோப்பை. ஆள் ஒன்று. பக். 143 பார்" என்று ஒற்றி எழுதினான்.

கடைசியாக 143. கேள்வி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இரண்டு விரற்கடை அளவு வெண்மை இருந்தது.

"வாசித்துவிட்டுத்தான் அழித்தேன்" என்று எழுதினான். சற்று யோசித்து, "மன்னிக்கவும். நானும் கன்ரீனில் அதே வாங்கில், ஒரு கரையில்தான் இருப்பேன்" என்று சேர்த்தான்.

மணி நாலு அடித்தது. எமில்ராஜ் அழிறப்பரை நியமனக் கடிதத்தில் சுற்றி மேசையில் வைத்தான். பென்சிலை வாங்கின் இடுக்கில், சீவல்களுக்குப் பக்கத்தில் வைத்தான்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை.